ட்ரோன் தரையிறங்கும்போது கவனம் தேவை
(புதுக்கோட்டை மாவட்ட உழவர் பயிற்சியில் ஆற்றிய உரை)



2025 நவம்பர் 13 அன்று, கீரனூரை அடுத்த அம்மாசத்திரம் அருகே, திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் ஒரு சிறிய பயிற்சி விமானம் அவசரமாக இறங்கியதைப் பலரும் அறிவீர்கள். அதில் இருந்த இருவரும் உயிர் தப்பினர். விமானம் பறப்பதைவிட இறங்குவதே கடினம் என்பதை அந்நிகழ்ச்சி நம் மாவட்டத்திற்கே வந்து காட்டிச் சென்றது.

விமானங்கள் சாதாரணமாக 3 பாகை சரிவில் இறங்குகின்றன. அதாவது 100 மீட்டர் தூரம் முன்னேறினால் 5 மீட்டர் உயரம் குறையும். ஆகவே ஓடுபாதைக்கு 300 மீட்டர் முன்னால் நிற்கும் 15 மீட்டர் உயர மரம்கூட விமானத்திற்குத் தடையாகிவிடும். நம் வயலில் மருந்து தெளிக்கும் ட்ரோன் செங்குத்தாக இறங்கக் கூடியதுதான். ஆனாலும் அதற்கும் இதே தடைகள் உண்டு. அதுவும் மிக அருகிலேயே உண்டு.

மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் வழங்கும் ஒன்றிய அரசின் திட்டம் 2023-இல் தொடங்கிய பிறகு, உளுந்து, நெல் வயல்களில் இதன் பயன் பெருகி வருகிறது. பல இலட்சம் ரூபாய் பெறும் கருவி, ஒரு மெல்லிய கம்பியில் மோதி நொடியில் வீணாகலாம். அதை எடுக்கப் போகிறவரின் உயிருக்கும் ஆபத்து நேரலாம்.

முதலில் நடந்து பாருங்கள்

மின்கம்பி தூரத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாது, கம்பம் தெரியும். எனவே கம்பங்களைத் தேடுங்கள். இரண்டு கம்பங்களைக் கண்டால் அவற்றுக்கிடையே கம்பி உண்டு என்றே கொள்ளுங்கள். கம்பத்தைத் தாங்கும் இழுகம்பி, கிணற்று மோட்டாருக்குச் செல்லும் தொங்கு கம்பி, சோளக் கொல்லையில் பறவை விரட்டக் கட்டிய பளபளப்பு நாடா, வரப்புப் பனை ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கருவியில் தடை உணரும் சாதனம் இருந்தாலும், மெல்லிய கம்பியை அது எப்போதும் உணரும் என்று நம்பிவிடக் கூடாது.

சென்ற பருவத்தில் பார்த்தது இந்தப் பருவத்திற்குப் போதாது. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தோப்புகளில் மறுபடியும் நட்ட தென்னைகள் ஆண்டுதோறும் உயர்ந்து வருகின்றன. நேற்று மேலே பறந்து கடந்த மரம் இன்று தடுக்கும்.

இறங்குமிடம்

மரமும் கம்பியும் இல்லாத திறந்த, சமமான இடத்தைத் தேர்ந்தெடுங்கள். வைக்கோல், சருகு, சாக்கு ஆகியவற்றை அகற்றுங்கள். இறக்கைகளின் காற்றில் அவை பறந்து சிக்கிக்கொள்ளும். புழுதி மண்ணாயின் தண்ணீர் தெளியுங்கள். குழந்தைகளும் கால்நடைகளும் 15 மீட்டருக்கு அப்பால் இருக்கட்டும். கம்பி இருக்கும் திசையை நோக்கிக் காற்று வீசும்போது அதன் அருகே இறக்க வேண்டாம்.

இறக்கும் முறை

1. மின்கலத்தில் போதிய மின்சக்தி இருக்கும்போதே திரும்புங்கள். கடைசி நேர அவசரமே தவறான இடத்தில் இறங்கக் காரணமாகிறது.

2. கருவியின் பின்புறம் உங்களை நோக்கி இருக்கட்டும். முன்புறம் உங்களை நோக்கினால் இடம் வலம் மாறிப்போகும்.

3. மெதுவாக இறக்குங்கள். நேர் கீழாக வேகமாக இறங்கினால், தான் தள்ளிய காற்றிலேயே சிக்கிக் கருவி திடீரென அமிழ்ந்துவிடும்.

4. தானே திரும்பும் வசதியைப் பயன்படுத்துவோர், திரும்பும் உயரத்தை அவ்விடத்தின் மிக உயர்ந்த மரத்திற்கும் மேலாக முன்கூட்டியே அமைக்க வேண்டும். தாழ்வாக அமைத்தால் கருவி நேராகச் சென்று தென்னையில் மோதக்கூடும்.

5. உதவியாளர் ஒருவர் வேறொரு பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்லட்டும். ட்ரோன் மரத்திற்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்பது ஒரே இடத்தில் நிற்பவருக்குப் புலப்படாது.

மாத்தூர்ப் பகுதி உழவர்களுக்கு

திருச்சி விமான நிலையத்தை ஒட்டிய ஊர்களில் விருப்பம்போல் பறக்கவிட முடியாது. 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி, விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியில் 200 அடிக்கு மேல் பறக்க அனுமதி வேண்டும். அதனினும் அருகில் கட்டுப்பாடு மிகுதி. ஒன்றிய அரசின் வான்வெளி வரைபடத்தைப் பார்த்த பின்னரே பறக்கவிட வேண்டும்.

கம்பியில் சிக்கினால்

தோட்டியால் இழுக்காதீர்கள்; கம்பத்தில் ஏறாதீர்கள்; கீழே போய் நிற்காதீர்கள். அறுந்து விழுந்த கம்பியை நெருங்கவும் வேண்டாம். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குத் தெரிவியுங்கள். மின்சாரம் நிறுத்தப்பட்டதை ஊழியர் உறுதி செய்த பின்னரே கருவியை எடுக்க வேண்டும்.

கருவி போனால் வேறு வாங்கலாம். உயிரை வாங்க முடியாது. பத்து நிமிடம் வயலைச் சுற்றி நடந்துவிட்டுப் பறக்கவிடுங்கள்.