வீட்டுக்குள் வளரும் நாய்க்குட்டி

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில் இருக்கிறது செம்மங்குப்பம். அங்கே ஒரு வீட்டுக்கு மாட்டுக்குச் சினை பார்க்கப் போயிருந்தேன். கொல்லையில் வெள்ளைச் சடைநாய்க்குட்டி ஒன்று வெயிலில் கட்டிக் கிடந்தது. பொமரேனியன் என்று சொல்கிறோமே, அந்த ஜாதி. வயது இரண்டு மாதம்தான்.

"வீடு பூரா ஒண்ணுக்குப் போகுது சார். மூக்கைத் தேய்ச்சு அடிச்சும் பார்த்தாச்சு. எங்கேயாவது கொண்டுபோய் விட்டுடலாம்னு இருக்கோம்" என்றார் அந்த அம்மா.

குற்றம் குட்டியின் மேல் இல்லை. அந்த வயதில் அதற்கு அடக்கத் தெரியாது. சிறு ஜாதி நாய்க்கு மூத்திரப்பையும் சிறிது. அடித்தால், 'ஆள் பார்க்கும்போது போகக்கூடாது' என்றுதான் புரிந்துகொள்ளும். பிறகு நெல் மூட்டைக்குப் பின்னால் போய் ஒளிந்து போகும்.

வழி சுலபம். குட்டி தூங்கி எழுந்ததும், தின்று முடித்ததும், விளையாடி ஓய்ந்ததும், இரவு படுக்குமுன்னும் வெளியே தூக்கிப் போங்கள். பகலில் இரண்டு மணிக்கு ஒரு தடவையாவது போக வேண்டும். தினமும் ஒரே இடம், ஒரே வார்த்தை. போனவுடனே தட்டிக்கொடுங்கள். தரையை மோந்து வட்டம் போட்டால் அதுதான் அடையாளம், உடனே தூக்குங்கள். வீட்டுக்குள் போய்விட்டால் திட்டாமல் சோப்புத் தண்ணீர் விட்டு வாடை போகக் கழுவுங்கள். வாடை இருந்தால் அதே இடத்துக்குத்தான் மறுபடியும் வரும். பொறுமையாகச் செய்தால் நாளாக நாளாகப் படிந்துவிடும்.

சிறு ஜாதிக் குட்டி பசி தாங்காது. கொஞ்சங் கொஞ்சமாக நாளைக்கு நாலு வேளை கொடுங்கள். மசித்த சோறு, வெந்த முட்டை, எலும்பில்லாத கறி போதும். மாட்டுப்பால் சில குட்டிகளுக்கு வயிற்றைக் கலக்கும். வெங்காயம், சாக்லேட், வேகவைத்த கோழி எலும்பு கூடவே கூடாது. மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தைக் குட்டிக்குத் தடவிவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து. கால்நடை மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பூச்சி மருந்தும் அவர் சொல்கிற கணக்கில் கொடுங்கள்.

இனி முக்கியமான விஷயம். அன்று அந்த வீட்டுப் பையன் கையில் குட்டியின் பல் பட்டு ரத்தம் வந்திருந்தது. "பால்பல்தானே" என்று மஞ்சள் வைத்திருந்தார்கள். அப்படி இருக்காதீர்கள். வெறிநோய் குட்டிக்கும் வரும், வந்தபின் பிழைப்பது மிக மிக அரிது. காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுங்கள். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போங்கள். முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாட்களில் தோலில் ஊசி போடுவார்கள். ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றியும் ஊசி உண்டு. ஒரு தவணையையும் விடாதீர்கள். அந்தக் காலத்தில் வெறிநாய்க்கடிக்கு வைத்தியம் செய்வதற்காகவே 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் ஏற்பட்டது. இன்று ஊசி நம் ஊர்ப்பக்கத்திலேயே இருக்கிறது.

குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் முதல் தடுப்பூசி, மூன்று மாதம் முடிந்ததும் வெறிநோய் ஊசி, ஒரு மாதம் கழித்து மறுபடி, அப்புறம் வருஷா வருஷம்.

பையனை அன்றே அனுப்பிவைத்தேன். குட்டியைக் கொண்டுபோய் விடவில்லை, திண்ணையில் படுக்கிறது. வேண்டாமென்று ரோட்டில் விட்ட குட்டிதான் நாளைக்கு ஊசி போடாத தெருநாய். வளர்ப்பதாக இருந்தால் முழுக்க வளர்ப்போம்.