விலை சொல்லாமல் சரக்கு இறக்காதீர்!
(கிராமக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



உடுமலைச் சந்தைக்குத் தக்காளி கொண்டு போகிறோம். பதினாலு கிலோப் பெட்டி. வண்டி வாடகை கொடுத்து, விடியுமுன்னே இறக்கி வைக்கிறோம். விலை எப்போது தெரிகிறது? சரக்கு இறங்கின பிறகுதான்! "இன்னைக்கு வரத்து ஜாஸ்திங்க" என்று ஒரே பேச்சு. பழுத்த பழத்தைத் திரும்பவும் தோட்டத்துக்கா ஏற்றிப் போக முடியும்? அது நமக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தரகு, இறக்குக் கூலி கழித்து ஒரு துண்டுச் சீட்டு கையில் வரும். சில நாள் அதுவும் வராது.

ரிசர்வ் வங்கி 2024-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. தக்காளி வாங்குகிறவர் கொடுக்கும் 100 ரூபாயில் விவசாயிக்குச் சேருவது சுமார் 33 ரூபாய். வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37. மீதி முழுவதும் வியாபாரி லாபம் என்று நான் சொல்லமாட்டேன். லாரி வாடகை, கடை வாடகை, அழுகல் எல்லாம் அதில்தான் வருகிறது. ஆனால் அத்தனை செலவையும் கழித்து மிச்சமாக நிற்பது நம்ம விலை!

நம்ம பிள்ளைகள் பனியன் கம்பெனிக்குப் போகிறார்கள். அங்கேயும் விலையை வெளிநாட்டுக் கடைக்காரன்தான் அமுக்குகிறான். இருந்தாலும், துணி வெட்டுமுன்னே பீஸுக்கு இவ்வளவு, இன்ன தேதிக்கு அனுப்பணும் என்று ஆர்டர் எழுத்தில் இருக்கிறது. நமக்கு அதுகூட இல்லையே!

முன்கூட்டியே விலை பேசினால் மட்டும் போதுமா என்றால், பல்லடம் பக்கம் கறிக்கோழிப் பண்ணையைப் பாருங்கள். குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியுது. கொட்டகை, கரண்டு, உழைப்பு நம்முது. கிலோவுக்கு வளர்ப்புக் கூலி. அந்தக் கூலியை உயர்த்தச் சொல்லித்தான் அங்கே திரும்பத் திரும்பப் போராட்டம். ஒப்பந்தத்தை ஒரே பக்கத்தார் எழுதினால் இப்படித்தான் ஆகும்.

நமக்கு வழியே இல்லையா? இருக்கிறது. மூலனூரில் பருத்தி ஏலம், வெள்ளக்கோவிலில் கொப்பரை ஏலம் நடக்கிறது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் விற்கிறவரிடம் தரகு கிடையாது. 1 சதவீதக் கட்டணத்தை வாங்குகிறவர் கட்டுகிறார். ஆனாலும் முன்பணம் வாங்கின கடனுக்காகக் களத்திலேயே பருத்தியை அளந்து கொடுத்து விடுகிறோம். அங்கேயே சரக்கை வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கலாம் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

உழவர் சந்தை 1999 நவம்பர் 14-ல் மதுரையில் தொடங்கியது. தரகு இல்லை, கடை வாடகை இல்லை. மண்டியை விடக் கூட, கடையை விடக் குறைவு என்று விலை வைக்கிறார்கள். மூன்று பெட்டி பறிக்கிறவருக்கு அது நல்ல இடம். ஒரே நாளில் அறுபது பெட்டி பறிக்கிறவர் அங்கே உட்கார்ந்து கிலோக் கணக்கில் விற்க முடியாது. அவர் மண்டிக்குத்தான் போயாகணும். ஆகவே மண்டியைச் சரிசெய்யாமல் நமக்கு விடிவில்லை.

அதனால் கேட்கிறோம்: இறக்குமுன் அன்றைய ஏல விலையைப் பலகையில் எழுது! எடை, விலை, பிடித்தம் எல்லாவற்றுக்கும் ரசீது கொடு! விற்பவரிடம் பிடிக்கும் தரகை நிறுத்து! விலை சரிகிற நாளில் பழத்தை வைக்க அரசே குளிர்பதனக் கிடங்கு நடத்து!

அடுத்த குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுக்கிறோம். வெறும் மனு போதாது. இந்த மாதம் மண்டியில் வாங்கின துண்டுச் சீட்டு அத்தனையும் வேண்டும். சீட்டுத் தராத நாளைத் தேதியும் பெட்டிக் கணக்கும் போட்டு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். ஊர்க் கிளையில் கொடுத்தால் போதும், நாங்கள் கட்டிக் கொண்டு வருகிறோம்.