பழைய புல்லட்டும் பழைய மரையும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

எங்கள் தாத்தா ஓட்டிய 1968 மாடல் புல்லட்டை அசல் நிலைக்குக் கொண்டுவர இரண்டு வருடம் உதிரிபாகம் தேடி அலைந்தேன். அதில் கற்றதைச் சொல்லவே வந்தேன்.

1955-இல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். பிறகு படிப்படியாகத் திருவொற்றியூரிலேயே செய்தார்கள். ஆக, வண்டி மெட்ராஸ் வண்டி. அளவு மட்டும் இங்கிலீஷ் அளவு. சிக்கலே இங்கேதான்.

புதுப்பேட்டை, ஜெனரல் பேட்டர்ஸ் சாலை என்று கடை கடையாக ஏறினேன். "புல்லட்டா சார்? எல்லாம் ஒண்ணுதான், எடுத்துட்டுப் போங்க" என்பார்கள். ஒன்றல்ல! 5/16 அங்குல போல்ட் 7.94 மி.மீ.; நம் எட்டு மி.மீ. போல்ட்டைக் கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் பழைய சைக்கிள் மரை அங்குலத்துக்கு 26. அதாவது ஒரு மரைக்கு 0.98 மி.மீ. சாதாரண எட்டு மி.மீ. போல்ட்டில் அது 1.25. முதல் சுற்றில் ஏறுவதுபோல் பாவனை காட்டும். ஸ்பேனர் போட்டு அழுத்தினால் மரை போச்சு. எனவே வெர்னியரும் பிட்ச் கேஜும் சட்டைப் பையில் இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள்.

பிஸ்டன் விஷயமும் அப்படித்தான். அசல் போர் 70 மி.மீ. தேய்ந்திருந்தால் ஓவர்சைஸ் பிஸ்டனை முதலில் கையில் வாங்கி, அதை அளந்து, பிறகுதான் போர் போட வேண்டும்.

அசல் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி, ஐம்பது வருடம் தாண்டி அசல் வடிவில் உள்ள வண்டிகளுக்கு 'விஏ' என்ற தனிப் பதிவு எண் உண்டு. சேஸிஸ், எஞ்சினை மாற்றக்கூடாது. சரி. ஆனால் பெட்டி பிரிக்காத பழைய டயர், பழைய பிரேக் லைனிங் கிடைத்ததென்று துள்ளிக் குதிக்காதீர்கள். ரப்பர் அலமாரியில் இருந்தே இறுகிப்போகும். உயிரைத் தாங்கும் பாகம் புதிதாகத்தான் இருக்க வேண்டும். ஹெட்லைட் கூட்டின் இரு பக்கமும் உள்ள பைலட் விளக்கு வளையத்துக்கு ஆறு மாதம் காத்திருந்தேன். டயருக்கு ஒருநாள்கூடக் காத்திருக்கவில்லை.

எங்கும் கிடைக்காத ஒரு புஷ்ஷை எழுபது வயது தாண்டிய ஒரு டர்னர் கடைந்து கொடுத்தார். தேய்ந்த பழைய புஷ்ஷைப் பார்த்தே, அது புதிதில் என்ன அளவு இருந்திருக்கும் என்று சொன்னார். அளந்து சரிபார்த்தேன், சரியாகவே இருந்தது. "எனக்கப்புறம் இந்த லேத்தைத் தொட ஆளில்ல தம்பி" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தேடிய ஒவ்வொரு பாகத்துக்கும் அளவு, மரை, உலோகம், இடைவெளி எல்லாம் குறித்து வரைபடம் போட்டிருக்கிறேன். மொத்தம் நாற்பத்தொன்று. அந்தக் கட்டை இன்று நம் துறை நூலகத்தில் ஒப்படைக்கிறேன். மாணவர்களே, ஒரு சனிக்கிழமை என்னோடு வாருங்கள். அந்தப் பெரியவர் கையில் இருப்பது இன்னும் எந்த வரைபடத்திலும் ஏறவில்லை.