இரவல் மனையில் எழுப்பிய வீடு



ஒருவன் தன் கைப்பொருளையும் உழைப்பையும் கொட்டி வீடு கட்டுகின்றான். வீடு அவனது, மனையோ பிறனது. குடிக்கூலி கேளாத மனைக்காரனை ஊரார் வள்ளல் என்று போற்றுவர். ஆயின், என்றேனும் ஒருநாள் அம் மனைக்காரன் 'எழுந்து போ' என்பானாயின், சுவரைப் பெயர்த்துத் தோளிற் சுமக்க இயலுமோ? இற்றைக் கணிப்பொறி யுலகில் விடுதலை மென்பொருளின் நிலை பெரும்பாலும் இதுவே.

விடுதலை மென்பொருள் என்பது யாது? அதன் ஊற்றுநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், படியெடுத்துப் பிறர்க்கும் வழங்கலாம். 1983-ஆம் ஆண்டில் இரிச்சர்டு சுடால்மன் என்னும் அமெரிக்க நிரலர் குனூத் திட்டத்தை அறிவித்து இந் நெறிக்கு வித்திட்டார். பின்னாளில் 'திறவூற்று' என்னும் பெயரும் வழங்கலாயிற்று. இங்குக் கருத வேண்டிய அடிப்படை யொன்று உண்டு. விலையின்மை வேறு, விடுதலை வேறு. சிறையிலும் சோறு விலையின்றியே கிடைக்கும்.

இவ் வேறுபாட்டை மறந்ததன் விளைவை இலினக்சின் வரலாறே காட்டும். 1991-இல் பின்லாந்து மாணவர் இலினசு தோர்வால்ட்சு தொடங்கிய அவ் வியங்குதளக் கருவகம், உலகெங்குமுள்ள நிரலரின் கூட்டுழைப்பால் வளர்ந்தது. அவர்கள் விடுக்கும் திருத்தங்களைக் கோத்து, முந்தியது எது, பிந்தியது எது எனக் கணக்கு வைக்க ஒரு கருவி வேண்டியிருந்தது. 2002-இல் தோர்வால்ட்சு 'பிட்கீப்பர்' என்னும் தனியுடைமைக் கருவியை மேற்கொண்டார். விலை இல்லை, ஆனால் கட்டுப்பாடு இருந்தது. விலையின்றிப் பயன்படுத்துவோர் அதற்குப் போட்டியான கருவியை ஆக்குதல் கூடாது. சுடால்மன் உள்ளிட்டோர் இது தகாது என எச்சரித்தனர். 'நன்றாக வேலை செய்கின்றதே' என்னும் விடையே மேலோங்கிற்று.

2005-இல் ஆத்திரேலிய நிரலர் ஆண்ட்ரூ திரிட்செல், பிட்கீப்பரின் வழங்கியோடு தொடர்பு கொள்ளும் கருவியொன்றை ஆக்க முற்பட்டார். உடைமைக்காரர் சினந்து, விலையிலா இசைவைத் திரும்பப் பெற்றனர். மூவாண்டுப் பழக்கம் ஒரு நாளில் அற்றது. அவ் வாண்டு ஏப்பிரல் தொடக்கத்தில் தோர்வால்ட்சு தாமே புதுக்கருவி யொன்றை எழுதலானார். சில நாள்களிலேயே அது தன்னைத் தானே காக்கும் அளவிற்கு வளர்ந்தது. அதுவே 'கிட்'. சூன் திங்களில் இலினக்சின் புதிய பதிப்பு அக் கருவி கொண்டே வெளிவந்தது. அடியுண்ட பின்னரே ஆக்கம் பிறந்தது என்க.

இனி, வியப்பைக் கேண்மின்! ஒரு தனியுடைமைப் பூட்டினின்று தப்பப் பிறந்த அக் கிட்டையே அடிப்படையாகக் கொண்டு, 2008-இல் 'கிட்அப்' என்னும் தளம் எழுந்தது. விடுதலை நிரல்கள் எண்ணிறந்தன அங்கே குடிபுகுந்தன. ஆயின், அத் தளத்தை இயக்கும் நிரல் மூடியது. 2018-இல் மைக்ரோசாப்டு நிறுவனம் அதனை 750 கோடி அமெரிக்க வெள்ளி மதிப்பிற்கு வாங்குவதாக அறிவித்து, அவ் வாண்டே தனதாக்கிக் கொண்டது. மனை கைமாறியது, குடியிருந்தோரை எவரும் கேட்கவில்லை.

'கிட்டில் ஒவ்வொருவர் கையிலும் முழுப்படி உள்ளதே; அஞ்சுவானேன்?' என்பர் சிலர். நிரலுக்கு அஃது உண்மை. ஆனால், பயனர் அறிவித்த பிழைகள், அவற்றின்மீது நிரலர் நிகழ்த்திய உரையாடல், திருத்தத்தை ஏற்றதற்கும் தள்ளியதற்கும் உரிய கரணியம் ஆகிய யாவும் கிட்டின் படியில் இல்லை. தளத்தாரின் ஏட்டிலேயே உள்ளன. நூல் வீட்டில், உரையோ அயலான் பேழையில்!

இடர் கற்பனையன்று. 2006-இல் கூகுள் நிறுவனம் தொடங்கிய நிரற்களஞ்சியத் தளம், 2016 சனவரியில் மூடப்பட்டது. குடியிருந்தோர் மூட்டை கட்டினர். 2019 சூலையில், அமெரிக்க அரசின் வணிகத் தடையைக் கரணியமாகக் காட்டி, ஈரான், சிரியா, கிரீமியா ஆகிய இடங்களிலிருந்த நிரலரின் தனிக்களஞ்சியங்களைக் கிட்அப் முடக்கிற்று. அவர்கள் செய்த குற்றம் அவ் விடங்களில் வாழ்ந்ததே. ஈரானியர்க்கு வழி மீண்டும் திறந்தது 2021 சனவரியில். அதுவும் அமெரிக்க அரசின் இசைவு பெற்றே.

மறுபக்கத்தையும் நடுநிலையோடு நோக்கல் வேண்டும். வழங்கி வைத்துக் காக்கப் பொருளும் பொழுதும் வேண்டும். தனி நிரலர்க்கு அவை அரிது. கூட்டம் உள்ள இடத்திலேதான் துணைவரும் கிடைப்பர். இவை மெய்யான இடர்ப்பாடுகளே. எனினும் வழியில்லாமல் இல்லை. 2018-இல் தெபியன், குனோம் ஆகிய குழுவினரும், 2020-இல் கேடிஈ குழுவினரும் விடுதலைக் கருவி கொண்டு தத்தம் வழங்கிகளிலேயே களஞ்சியம் அமைத்தனர். செருமனியின் பெர்லினில் 'கோட்பெர்க்' என்னும் கழகம் உறுப்பினர் கட்டணத்தாலும் நன்கொடையாலும் பொதுக்களஞ்சியம் நடத்துகின்றது. தனியே மனை வாங்க இயலாதவர் கூடி வாங்குதலே அது. 2022-இல் மென்பொருள் விடுதலைக் காப்பமைப்பினர் கிட்அப்பை விட்டு நீங்குமாறு அழைத்ததோடு, தாமும் நீங்கினர்.

தமிழர்க்கும் இதில் பங்குண்டு. தமிழிலேயே நிரலெழுத உதவும் 'எழில்' மொழியும், தமிழெழுத்துகளைக் கையாளும் 'ஓப்பன்-தமிழ்' தொகுப்பும் கிட்அப்பிலே வைக்கப்பட்டன. ஆக்கியோர் தொண்டு போற்றத்தக்கது, அவர்மேற் குறையில்லை. துணைநிற்காத குமுகாயத்தின் மேலேயே குறை. தலைக்களஞ்சியம் சொந்த மனையிலோ பொதுமனையிலோ இருக்கட்டும். பெருந்தளத்தில் அதன் படி மட்டும் இருக்கட்டும். பிழையறிக்கையும் உரையாடலும் திங்கள்தோறும் படியெடுக்கப்படட்டும். பொருளுள்ளோர் வழங்கிக்குப் பொருள் தருக. கல்லூரிகள் இடம் தருக.

கடன்சொல் மொழிக்குள் 'எளிது' என்றே நுழைகின்றது. நுழைந்தபின் வீட்டுச் சொல்லை வெளியேற்றுகின்றது. 1916-இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் நெறி, இரவலின்றி வாழவியலும் என்பதை எழுதிக்காட்டியே நிறுவிற்று. நிரலுலகிற்கும் அந் நெறியே பொருந்தும். இரவற் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தவள் கதை தமிழர் அறியாததன்று. கந்தையாயினும் சொந்தமாகுக, பின்னர் அதனைப் பட்டாக்குதல் உழைப்பின் கடன்.

வெல்க தமிழ்!