சாணமும் சாஸ்திரமும்



சாணத்தைக் கரைத்து வாசலில் தெளித்தால் லக்ஷ்மி வருவாளென்று நம் மக்கள் எத்தனையோ தலைமுறையாய்த் தெளித்து வந்திருக்கின்றார்கள். தெளித்தவள் கண்ட பலன் என்ன? அதே சாணத்தை வரட்டி தட்டி, ஊதாங்குழலால் ஊதி, கண் சிவந்து, நெஞ்சு இருமிச் சமைத்ததுதான். ஆதலால் சாணத்திற்குள்ள மெய்யான சக்தி என்ன என்பதைச் சற்று யோசித்துப் பார்ப்போம்.

சாணத்தைச் சம அளவு தண்ணீரில் கரைத்துக் காற்றுப் புகாத தொட்டியில் விட்டால், கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதைத் தின்று ஒரு வாயுவை உண்டாக்குகின்றன. அதில் பாதிக்கு மேல் மீதேன், புகையில்லாமல் எரியும். சுமார் 25 கிலோ சாணத்திற்கு ஒரு கன மீட்டர் வாயு கிடைக்கும். 2 கன மீட்டர் இருந்தால் நாலைந்து பேருள்ள குடும்பத்திற்குச் சமையலாகும். வரட்டியாய் எரித்தால் தழைச்சத்து வீணாய்ப் போகின்றது. இதிலோ, வாயு போக மிஞ்சுகின்ற கரைசல் வயலுக்கு நல்ல எருவாகின்றது. இதற்கு மந்திரமில்லை, தட்சணையில்லை. எந்த ஜாதியான் வீட்டு மாடானாலும் வாயு ஒன்றுதான்!

மனித மலத்திலும் இப்படியே. 1897-லேயே பம்பாய் மாதுங்காவில் தொழுநோயாளர் விடுதிக் கழிவிலிருந்து வாயு எடுத்திருக்கின்றார்கள். ஆனால் பஞ்சகவ்யமென்று சாணத்தை விழுங்கக் கூசாதவன், மலத்தொட்டி வாயுவில் சோறு பொங்குவதென்றால் மாத்திரம் தீட்டு என்கின்றான்!

நிற்க, இவ்வளவு நல்ல காரியம் ஏழை வீட்டிற்கு ஏன் வரவில்லை? சர்க்கார் 1981-82 முதல் திட்டம் போட்டு மான்யம் கொடுத்தது. ஆனால் 2 கன மீட்டருக்கு நாள்தோறும் 50 கிலோ சாணம் வேண்டும். ஒரு மாடு பத்துக் கிலோ போடுமானால் ஐந்து மாடு வேண்டும். தொட்டி கட்ட இடமும் வேண்டும். ஒற்றை மாட்டுக்காரனுக்கும், மாடே இல்லாத கூலிக்காரனுக்கும் அந்த மான்யத்தால் என்ன பயன்? தெருச் சாணத்தைப் பொறுக்கி வரட்டி விற்றுப் பிழைப்பவளுக்கோ, மாட்டுக்காரன் தொட்டி கட்டிவிட்டால் அந்தச் சாணமும் இல்லை. சிலிண்டர் வந்துவிட்டதே என்பீர்கள். மறுபடி வாங்கக் காசில்லாமல் விறகுக்கே திரும்பின வீடுகள் உங்கள் ஊரில் இல்லையா?

ஆகவே ஊருக்குப் பொதுத்தொட்டி வேண்டுமென்கின்றோம். கொண்டுவரும் சாணத்தை எடை போட்டுப் பங்கு எழுதுங்கள். மாடில்லாதவருக்குத் தொட்டி வேலைக்குக் கூலியும் வாயுவில் பங்கும் கொடுங்கள். குழாய் சேரியிலிருந்தே தொடங்கட்டும். ஊர் ஒன்று சேராது என்பார்கள். வரி போட்டுத் தேர் இழுக்கச் சேருகிற ஊர், அடுப்பெரிக்கச் சேராதா?

இக்கூட்டம் கலைவதற்குள், உங்களூரில் மாடு எத்தனை, சாணம் எத்தனை கிலோ, மாடில்லாத வீடு எத்தனை என்று கணக்கெடுக்க நாலு வாலிபர்கள் முன்வர வேண்டுமென்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகின்றோம்.