பழைய மண்டலினின் வயதை அறிவது எப்படி?



ஊரை விட்டு வெளிக்கிட்டபோது காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் இழந்த குடும்பங்கள் எங்களில் பல. சில வீடுகளில் ஒரு பழைய இசைக்கருவி மட்டும் எப்படியோ கூடவே வந்திருக்கும். அது சித்திர வேலை செய்த மண்டலின் என்றால், அதன் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? இன்று அதைப் பார்ப்போம்.

"இது போர்த்துக்கேயர் காலத்துச் சாமான்" என்று சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தை இழந்தது 1658 இல். ஆனால் உப்பிய முதுகும், இரட்டை இரட்டையாக எட்டுத் தந்திகளும் கொண்ட மண்டலின், இத்தாலியின் நாபொலி நகரில் 1700களின் நடுப்பகுதியில்தான் உருவானது. இன்று பூட்டும் உருக்குத் தந்தி 1800களில் வந்தது. பிறகு ஜேர்மனியிலும் யப்பானிலும் இதே வடிவத்தில் செய்தார்கள். ஆகவே வடிவத்தை மட்டும் வைத்து நாட்டையோ வயதையோ சொல்ல முடியாது.

முதலில் வாய்த்துளைக்குள் ரோச் லைற் அடித்துப் பாருங்கள். உள்ளே லேபிள் ஒட்டியிருக்கலாம். அதில் பதக்கங்களும் ஆண்டுகளும் அச்சிட்டிருந்தால், அவை கண்காட்சிகளில் பரிசு பெற்ற ஆண்டுகள். லேபிள் அசலானால், கருவி அவற்றில் கடைசி ஆண்டுக்குப் பிந்தியது. "மேற்கு ஜேர்மனி" என்றிருந்தால் 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. கடை முத்திரையில் "சிலோன்" என்றிருந்தால், பெரும்பாலும் 1972 இல் நாட்டின் பெயர் மாறுவதற்கு முன் விற்கப்பட்டது.

அடுத்து அலங்காரம். முத்துச்சிப்பி மன்னாருக்கும் இந்த வளைகுடாவுக்கும் புதிதல்ல. ஆனால் சிப்பிப் பதிப்பு நிறைய இருப்பதால் கருவி மிகப் பழையது என்று நினைக்க வேண்டாம். 1900ஆம் ஆண்டையொட்டித் தொழிற்சாலைகளே அப்படிப் பெருமளவில் செய்தன. வாய்த்துளையை ஒட்டிய கபில நிறத் தகடு அழுங்காமை ஓடாகவும் இருக்கலாம், அதைப் போலச் செய்த செல்லுலோயிட்டாகவும் இருக்கலாம். செல்லுலோயிட் 1870ஐ ஒட்டியே விற்பனைக்கு வந்தது. நெருப்பு வைத்துச் சோதிக்காதீர்கள்; அது சட்டென்று பற்றிக்கொள்ளும். ஆமை ஓடு என்றால் இன்னொரு விடயம் உண்டு. 1977 முதல் அழுங்காமைப் பொருட்களின் சர்வதேச வணிகம் தடுக்கப்பட்டுள்ளது. நாடு மாறும்போது அனுமதிப் பத்திரம் தேவைப்படலாம். பயணத்துக்கு முன்னரே விசாரியுங்கள்.

வளைகுடா வெயிலில் காருக்குள் விட்டால் பழைய பசை இளகி மூட்டுகள் பிரியும். வாசிக்காத நாட்களில் தந்திகளைத் தளர்த்தி வையுங்கள். புதிதாக வார்னிஷ் பூச வேண்டாம். பழைய பூச்சும் ஒரு சாட்சி.

கடைசியாக ஒன்று. யார் வாங்கியது, எந்த ஊரில் வாசித்தது, எந்த வழியாக, யார் கையில் வந்தது என்பதை மூத்தவர்களிடம் கேட்டு இப்போதே எழுதி, படத்துடன் பெட்டிக்குள் வையுங்கள். கருவி செய்த காலத்தை லேபிள் சொல்லக்கூடும். அது உங்கள் குடும்பத்தோடு வந்த பாதையை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.