சார்ஜ் போடும் இடமும் வெளியேறும் வழியும்
(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம்மில் சிலர் தினமும் மின்சார ஸ்கூட்டரில் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போய் வருகிறீர்கள். போக சுமார் 40 கிலோமீட்டர், வர 40. கிலோமீட்டருக்கு 30 வாட்-மணி என்று வைத்தால் மொத்தம் 2.4 யூனிட். 3 யூனிட் பேட்டரியில் மிஞ்சுவது ஐந்தில் ஒரு பங்குதான். பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் அதுவும் குறையும். வண்டி பழசாக ஆக பேட்டரியின் கொள்ளளவும் இறங்கும். அதனால்தான் வந்ததும் வராததுமாக ப்ளக்கைச் செருகி, விடிய விடிய விட்டுவிடுகிறோம்.

2022 மார்ச்சில் வேலூரில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்தது. தந்தையும் பதின்மூன்று வயது மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். லித்தியம் பேட்டரியில் ஒரு செல் கட்டுமீறிச் சூடானால் பக்கத்து செல்லையும் பற்ற வைக்கும். வெளிவரும் புகை நச்சுப்புகை. அணைந்தது போலத் தெரிந்தாலும் மறுபடி பற்றும்.

பராமரிப்பில் கறாரான விமானத் துறையும் இதற்குத் தப்பவில்லை. 2017இல் இங்கிலாந்தில் ஒரு மின்சார கிளைடர் தரையிறங்கும் வேளையில் அதன் பேட்டரி தீப்பிடித்தது. விமானி இறங்கித் தப்பினார். அவருக்கு வெளியேற வழி இருந்தது.

நமக்கு? நாம் சார்ஜ் போடுவது படிக்கட்டுக்கு அடியில். மூன்று மாடிக்கும் இறங்க அந்த ஒரு படிதான்.

வேலூர் சம்பவத்துக்குப் பிறகு பேட்டரி விதிகள் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரு கட்டமாக நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் வாங்கிய வண்டிகளும் நம்மிடம் ஓடுகின்றன.

ஆகவே, சார்ஜ் போடும் இடத்தைக் காம்பவுண்டு சுவர் ஓரம், திறந்த வெளிக்கு மாற்றலாம். மழை படாத கூரை, தனி லைன், முறையான எர்த், தனி எம்.சி.பி. வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது. வெயிலில் ஓடி வந்த பேட்டரி ஆறிய பிறகே, வண்டியோடு வந்த சார்ஜரில் போடுங்கள். கீழே விழுந்த, உப்பிய, தண்ணீரில் மூழ்கிய பேட்டரியைச் சர்வீஸில் காட்டாமல் சார்ஜ் போடாதீர்கள். கழற்றும் பேட்டரியை வீட்டு வாசலருகே வைக்காதீர்கள். புகை கண்டால் அணைக்கப் போகாமல் விலகி, 101ஐ அழையுங்கள்.

செலவுக் கணக்கைப் பொருளாளர் சொல்வார். முடிவெடுக்கும் முன் ஒருமுறை அந்தப் படிக்கட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள்.